அம்மன் பஞ்சு

அந்தக் காரில் ஏறினால் எனக்கு மூச்சு இழுப்பு வரும். இறங்கிக் கொஞ்ச நேரம் மரத்தடியில் உட்கார்ந்தால் போய்விடும். இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது? ஆனால் என் மாமனார் வீட்டில் அது ஒருவருக்கும் புரியவில்லை. பெண்ணுக்குத் தோஷம் என்றார்கள். சொன்னதோடு விட்டார்களா? என்னை என் அப்பன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட நாளும் பார்த்தார்கள். அதுவும் அதே காரில். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

என் பெயர் பழனாத்தாள். பிறந்தது பல்லடத்துக்குப் பக்கம். வாழ்க்கைப்பட்டது கணபதியில், குமாரசாமிக் கவுண்டர் வீட்டில். நீலகிரியில் பைக்காராவிலிருந்து கரண்டு ஊருக்குள் வந்த மறு வருஷம் எங்கள் கல்யாணம். வீட்டுக்காரர் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது என்பார்கள். சொன்னால் என்ன ஆகிவிடும்? தம்பிதுரை. நல்ல மனிதர்தான், அடித்தது இல்லை, குடித்தது இல்லை. அவர் வாய் சோற்றுக்கு மட்டும் திறக்கும், வேறு எதற்கும் திறக்காது.

கார் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மில் துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன அமெரிக்கக் கார் அது. கரும்பச்சை நிறம். கணபதியில் அப்போது கார் இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். மாமனாருக்கு அதன் மேல் அப்படி ஒரு பெருமை. காலையில் எழுந்ததும் மாட்டைப் பார்க்கிறாரோ இல்லையோ, காரைப் பார்த்துவிடுவார்.

அந்தக் காரில் முன்கண்ணாடிக்குக் கீழே, என்ஜின் மூடியை ஒட்டி, இரண்டு கை அகலத்துக்கு ஒரு தகர மூடி உண்டு. உள்ளேயிருந்து ஒரு கைப்பிடியைத் தள்ளினால் அது வாயைத் திறக்கும். கார் ஓடும்போது அந்த வழியாகக் காற்று வரும். காற்று வந்தால் புழுதியும் வருமே. துரை அதில் ஒரு கம்பிவலை போட்டிருந்தார். அது போதாது என்று மாமனார் அதைக் கழற்றிப்போட்டார். தகரக்காரரைக் கூப்பிட்டு, வலை அடித்த ஒரு சின்னப் பெட்டி செய்யச் சொல்லி, காற்று வருகிற வாய்க்கு உள்பக்கம் திருகி வைத்தார். பெட்டிக்குள் பஞ்சை அடைத்தால் புழுதியைப் பஞ்சு பிடித்துக்கொள்ளும், மாதம் ஒரு தடவை பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தால் போதும் என்பது அவர் யோசனை. யோசனை நல்ல யோசனை. அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். என் மாமியார், தெய்வாத்தாள் அத்தை, விடவில்லை. பஞ்சுதான் வைக்கிறோம், அது ஏன் சும்மா பஞ்சாக இருக்க வேண்டும் என்று கேட்டார். எங்கள் பக்கம் அந்த வருஷத்து முதல் எடுப்புப் பருத்தியைக் குலதெய்வத்து அம்மனுக்கு வைப்பார்கள். அதில் கொட்டையைப் பிரிக்கமாட்டார்கள், செடியில் எடுத்தபடியே வைப்பார்கள். மாமியார் அப்படி வைத்த பருத்தியில் இரண்டு கை அள்ளிக்கொண்டு வந்து கார்ப் பெட்டியில் அடைத்துவிட்டார். காருக்குக் காவலாகிவிட்டது அல்லவா? அம்மன் காலடியிலிருந்து வந்ததை எடுத்துக் குப்பையில் போட யாருக்குத் துணிவு வரும்? மாதம் ஒரு தடவை மாற்றுகிற பேச்சு அன்றோடு போயிற்று. வெள்ளிக்கிழமை தவறாமல் மூடியைத் திறந்து ஒரு கை திருநீறும் ஒரு சொட்டு மஞ்சள் தண்ணீரும் அதற்குள் போடுவார். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே தொடங்கி, ஒன்றே முக்கால் வருஷம் இப்படி நடந்தது.

கார் வேகம் எடுத்தால் அந்த வாய் வழியாக மெல்லிய சாம்பல் பறந்துவந்து எல்லோர் தலையிலும் விழும். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வார். அம்மன் அருள் என்பார். மாமனார் இருமுவார், மூக்குப்பொடி ஏறிவிட்டது என்பார். என் வீட்டுக்காரர் வரிசையாக ஏழெட்டுத் தும்மல் போடுவார், அதில் எத்தனையாவது தும்மல் நல்ல சகுனம் என்று அத்தை எண்ணுவார். எனக்கு மட்டும் தொண்டை அடைக்கும். நெஞ்சுக்குள் விசில் ஊதும். சிங்காநல்லூர் தாண்டுவதற்குள் முகம் நீலம் பாரித்துவிடும்.

"மாட்டு வண்டியில போனா வருதில்லீங்க அத்தை, கார்ல போனாத்தான் வருது" என்று ஒரு நாள் சொன்னேன்.

"மாட்டு வண்டியில அம்மன் இல்லியே அம்மணி" என்றார் அத்தை. "கார்ல இருக்கறா. அவ திருநீறு உனக்கு ஒத்துக்க மாட்டீங்குது. அப்பொ கொறை ஆருகிட்ட?"

 எந்தப் பக்கம் போனாலும் கதவைச் சாத்திவைத்த பேச்சு. கோயமுத்தூரில் தேவானந்தம் என்று ஒரு கிறிஸ்தவ டாக்டர். அவர் என் முதுகில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் ஒன்றும் இல்லை, தூசி ஒத்துக்கொள்ளவில்லை, தூசி இல்லாத இடமாக இருக்கட்டும் என்றார். வேதக்காரருக்கு நம்ம அம்மனைப் பற்றி என்ன தெரியும் என்று அத்தை அந்தச் சீட்டைச் சுருட்டி அடுப்பில் போட்டார். பிறகு தோஷம் கழிக்கக் கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். எதில் என்று நினைக்கிறீர்கள்? அந்தக் காரில்தான். ஒவ்வொரு கோயிலுக்கும் போய்த் திரும்பும்போது இழுப்பு கூடிக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு தடவையும் பாருங்கள், சாமிக்கே பிடிக்கவில்லை என்றார்கள்.

இதில் எனக்கு என் மேலேயே கோபம் ஒன்று உண்டு. ஒரு மூன்று மாதம் நானும் அதை நம்பினேன். சமையலறை மூலையில் உட்கார்ந்து, அம்மா தாயே, நான் என்ன செய்துவிட்டேன் என்று அழுதிருக்கிறேன். அந்தக் கண்ணீரை நினைத்தால் என்னை நானே நாலு சாத்துச் சாத்தலாம் போல இருக்கிறது.

என் அழுகை என்னோடு போனால் பரவாயில்லை. ஊரில் எனக்குப் பின்னால் சுப்பாத்தாள் இருந்தாள், என் தங்கை. சூலூரிலிருந்து வந்து அவளைப் பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறது, வெற்றிலை மாற்ற நாள் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லி அனுப்பவில்லை. மூத்தவளுக்கு ஏதோ தோஷமாம், புகுந்த வீட்டுச் சாமியே ஏற்கவில்லையாம் என்று யாரோ அவர்கள் காதில் போட்டுவிட்டார்கள். யாரோ என்ன யாரோ? எங்கள் அத்தை சந்தையிலும் சாவு வீட்டிலும் சொல்லாத இடம் இல்லை. இந்த நிலையில் நானும் பெட்டியோடு அப்பன் வீட்டில் போய் இறங்கினால் அவள் கதி என்ன? அந்த வாசலை அப்புறம் யாரும் மிதிக்கமாட்டார்கள். எனக்கு அதுதான் நெஞ்சை அறுத்தது.

தை மாதத்தில் ஒரு புதன்கிழமை. "கொஞ்ச நாளைக்கு அப்பன் ஊட்டுல இருந்து தோசம் கழிச்சுப்போட்டு வரட்டும்" என்றார் மாமனார். அதையும் என்னிடம் சொல்லவில்லை, தூணைப் பார்த்துச் சொன்னார். அந்த வீட்டில் மருமகள் மாமனார் முகத்தைப் பார்த்துப் பேசுகிற வழக்கம் இல்லை. கல்யாணம் ஆன பதினாலு மாதத்தில் நான் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வேட்டி ஓரத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று அத்தை தூக்குப்போசி நிறையக் கச்சாயம் சுட்டு எடுத்துக்கொண்டார். பெண்ணைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் பலகாரம் சுட்டுக்கொண்டு போகிறார்கள். 

முன்னால் டிரைவர் ராமுலு, பக்கத்தில் மாமனார். பின்னால் நடுவில் நான், ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் வீட்டுக்காரர். ஊர்க்கண் படக்கூடாது என்று சன்னல் கண்ணாடியை ஏற்றித் திரையையும் இழுத்துவிட்டார்கள். திறந்திருந்தது அந்த ஒரு வாய்தான். கார் வேகம் எடுத்தது, சாம்பல் வந்தது, அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு ஆரம்பித்துவிட்டது.

ஒண்டிப்புதூர் தாண்டி ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. ராமுலு ஹாரனை அழுத்தினார். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினார், ஒன்றும் இல்லை. பிரேக்கைப் போட்ட போடில் எல்லோரும் முன்னால் போய் மோதினோம். வண்டிக்காரர் எங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஹாரன் கெட்டுப்போனதும் என் தோஷம்தான் போல.

சூலூர்க் குளத்துக்குப் பக்கம் வந்தபோது கார் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. தண்ணீர் வற்றிவிட்டது, சூடு தணியாமல் ஊற்றக்கூடாது, அரை மணி நேரம் ஆகும் என்று ராமுலு ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். நான் யாரையும் கேட்காமல் இறங்கிப்போய் மரத்து வேரில் உட்கார்ந்தேன். குளத்துக்காற்று வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விசில் அடங்கியது. மூச்சு வந்ததும் கூடவே கோபமும் வந்தது.

ராமுலு சும்மா இருக்கிற ஆள் இல்லை. என்ஜின் மூடியைத் தூக்கிவிட்டு, ஹாரனுக்குப் போகிற கம்பியைத் தடவிக்கொண்டே போனார். அந்தக் காலத்துக் கம்பிக்கு மேலே நூல் சுற்றியிருக்கும். ஓரிடத்தில் நூல் இழை இழையாகப் பிய்ந்து, கம்பி இரண்டாக நின்றது.

"எலி கடிச்சுப்போட்டிருக்குதுங்க பண்ணாடி" என்று மாமனாரிடம் சொன்னார்.

"எலிக்கு என்ற கார்ல என்ன வேல?" என்றார் மாமனார்.

அவர் சும்மாதான் கேட்டார். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. நியாயமான கேள்வி அல்லவா? எலி ஓர் இடத்தில் குடியிருந்தால் அங்கே தின்ன ஏதாவது இருக்கும். காரில் இருப்பது இரும்பும் தோலும் பெட்ரோலும். நான் பருத்திக்காரர் வீட்டில் பிறந்தவள். எங்கள் அப்பன் பருத்தி போட்டுவைக்கிற அறையில் எலிகள் எதற்கு வரும் என்று எனக்குத் தெரியும். பஞ்சுக்கு வராது, கொட்டைக்கு வரும். கொட்டையைத் தின்றுவிட்டுப் பஞ்சில் படுத்துக்கொள்ளும். அந்த அறையைத் திறந்தால் ஒரு நெடி வரும், மூக்கில் ஊசி குத்துவது போல. அந்த நெடியை நான் இந்தக் காரிலும் மோந்திருக்கிறேன். திருநீற்று வாசத்துக்கு அடியில் இருந்ததால் இத்தனை நாளாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அப்பன் கிணற்றில் ஆயில் என்ஜின் உண்டு. அது காற்றை இழுக்கிற வாயில் ஒரு வலை இருக்கும். அதை மாதம் ஒரு தடவை மண்ணெண்ணெயில் கழுவுகிற வேலை கல்யாணம் ஆகும்வரை எனக்குத்தான். ஒரு மாதம் தவறினால் என்ஜின் இருமும், இரண்டு மாதம் தவறினால் நின்றுபோகும். ஒன்றே முக்கால் வருஷம் மாற்றாத பஞ்சு வழியாக மனுஷி மூச்சு விட்டால் என்ன ஆகும்?

எழுந்தேன். நேராகக் காருக்குப் போனேன். கீழே விரித்திருந்த சாக்கில் ராமுலுவின் திருப்புளி கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

"என்னங்கம்மணி?" என்றார் ராமுலு.

"அந்தப் பஞ்சுப் பெட்டியக் கழட்டோணும்ங்க. திருகு எங்க இருக்குது?"

ராமுலு மாமனாரைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "உள்ளுக்கு, முன் சீட்டுக்கு எதுத்தாப்பல மேலாக்க, நாலு மூலையில இருக்குதுங்க. ஆனா நான் காட்டுனேன்னு சொல்லிப்போடாதீங்க" என்றார். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார், பாவம்.

அத்தை மரத்தடியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். "ஏ புள்ள, அதுல கை வெக்காதே. அம்மனோடது. தோசத்தோட தொட்டீன்னா குடும்பமே நாசமாப் போயிரும்."

"நாசமாப் போறதுன்னா நானும் சேந்துதானுங்க போவேன்" என்று சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறி, காலுக்கடியில் முட்டி போட்டு, தலையை உள்ளே விட்டேன். இருட்டாக இருந்தது. கையால் தடவினேன். தகரப் பெட்டி கைக்குச் சிக்கியது. ஒரு மூலைத் திருகு சுலபமாக வந்தது, இரண்டாவதும் வந்தது, மூன்றாவது கொஞ்சம் முரண்டு பிடித்து வந்தது. நாலாவது துரு ஏறிப்போய் அசையவில்லை. மஞ்சள் தண்ணீர் இறங்கின மூலை அது. கை வழுக்கி முழங்கை தோல் உரிந்துபோயிற்று.

தலையை வெளியே எடுத்தேன். என் வீட்டுக்காரர் கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். காரில் வரும்போது எனக்கு இழுத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் முந்தானைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்தான் அவர்.  ஆனால் கையைப் பிடித்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

"ஏனுங்க, இந்த ஒரு திருகக் கழட்டிக் குடுங்க. வாயத் தொறக்க வேண்டாம், கை இருந்தாப் போதும்" என்றேன்.

அத்தை "தம்பி" என்றார். அந்த ஒரு சொல்லில் மகன் பிறந்தது முதல் அத்தை கட்டிவைத்த கயிறெல்லாம் இருந்தது. என் வீட்டுக்காரர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, திருப்புளியை வாங்கிக்கொண்டு, உள்ளே போனார். துருத் திருகு கிறீச்சென்று சுற்றுகிற சத்தம் கேட்டது.

பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக் காரின் மட்கார்டு மேல் வைத்தேன். வைத்த வேகத்தில் வலை பிய்ந்திருந்த ஓரத்தின் வழியாக ஓர் எலி வெளியே குதித்தது. அத்தையின் பாதத்தின் மேல் ஏறி, ரோட்டைக் கடந்து, குளத்துக்கரைப் புல்லுக்குள் போயிற்று. 

வலையைப் பிரித்தேன். பஞ்சு என்று உள்ளே ஒன்றும் இல்லை. கருத்த ஓர் உருண்டை இருந்தது. திருநீறும் மஞ்சளும் பாறையாக இறுகியிருந்தன. அதற்கு நடுவில் பஞ்சைப் பொடிப்பொடியாகக் கிழித்து எலி ஒரு கூடு கட்டியிருந்தது. சுற்றிலும் தின்று துப்பின கொட்டை உமி, எலிப் புழுக்கை, முடி, பூசணம். கூட்டுக்குள் காய்ந்து வற்றிப்போன இரண்டு குஞ்சு. இவ்வளவையும் காற்று சலித்துச் சலித்து எங்கள் தலையில் போட்டுக்கொண்டிருந்தது. அந்த நெடி அடித்ததும் ராமுலு மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அத்தை, இங்க வந்து பாருங்க" என்றேன். "இத்தன நேரமாக் கார்ல உங்க தலையில உழுந்து நீங்க கன்னத்துல போட்டுக்கிட்டீங்களே, அதுல பாதி இதுங்க."

அத்தையின் கை தானாகவே நெற்றிக்குப் போயிற்று. முந்தானையை எடுத்து நெற்றியை அழுத்தித் துடைத்தார், உச்சந்தலையைத் துடைத்தார். ஆனால் வாய் விட்டுக்கொடுக்கவில்லை. "அம்மனையா நீ கொறை சொல்ற?"

"அம்மன் கோயில்ல இருக்கறாங்க, அவங்கள நான் என்ன சொன்னேன்? அவங்களக் கொண்டாந்து எலிப் பொந்துக்குள்ள அடச்சது ஆருங்க? மாசாமாசம் மாத்தியிருந்தா எலி வந்திருக்குமா? கொட்டையப் பிரிச்சு வெச்சிருந்தா வந்திருக்குமா? டாக்டரு தூசின்னு சொன்னாரு, சீட்ட அடுப்புல போட்டீங்க. நான் கார்ல போனாத்தான் வருதுன்னு சொன்னேன், என்ற வாய அடச்சீங்க. பதினாலு மாசம் ஒரு எலியோட மூத்தரத்துக்கு நான் தோசக்காரின்னு பேர் வாங்கியிருக்கறேன்."

 அத்தை போய்ப் புளியமரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பெட்டியைக் குளத்துக்கு எடுத்துப்போய் மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். காற்று வருகிற வாயை ராமுலு ஈரத் துணியால் மூன்று தடவை துடைத்தார். இப்போது பெட்டிக்குள் வைக்க ஏதாவது வேண்டுமே. ராமுலு ஒரு கந்தலை நீட்டினார், அதில் எண்ணெய் வடிந்தது. நான் மாமனார் பக்கம் திரும்பினேன். அவர் தோளில் நல்ல மெல்லிசுத் துண்டு, ஜரிகைக் கரை போட்டது. சம்பந்தி வீட்டுக்குப் போவதற்காக அன்றைக்குத்தான் மடிப்புக் கலைத்துப் போட்டிருந்தார்.

"மாமா, உங்க துண்டக் குடுங்க" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

மரத்தடியிலிருந்து அத்தை திரும்பிப் பார்த்தார். ராமுலு என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டார். ரோட்டில் இரண்டு பேர் நடந்து போனார்கள், போகிறவர்கள் வேண்டுமென்றே மெதுவாகப் போனார்கள். மாமனாருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. ஓங்கி ஒரு அறை விழும் என்றுதான் நான் நினைத்தேன். விழுந்தாலும் கேட்டதை வாங்காமல் விடுவதில்லை என்று நின்றேன். அவர் பார்வை மட்கார்டு மேல் கிடந்த அந்தக் கூட்டுக்குப் போயிற்று. தான் யோசித்துச் செய்த பெட்டி அது. மாற்ற வேண்டும் என்று தெரிந்தும் மாற்றாமல் விட்டதும் தான்தான் என்று அவருக்கு எட்டியிருக்க வேண்டும். துண்டைத் தோளிலிருந்து எடுத்து என் கையில் போட்டார்.

நாலாக மடித்தேன், நனைத்துப் பிழிந்தேன், பெட்டிக்குள் பரத்தி வலையை மூடினேன். என் வீட்டுக்காரரே உள்ளே போய் நாலு திருகையும் முடுக்கினார். சொல்லாமலே செய்தார்.

தண்ணீர் ஊற்றி வண்டி கிளம்பியதும், "கண்ணாடிய ஏத்துங்க, திரைய இழுத்துவிடுங்க, எப்பவும் போல இருக்கட்டும்" என்றேன். ராமுலு வேகமாக ஓட்டினார். அத்தை என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். எப்போது இழுக்கும் என்று காத்திருந்தார். நான் வேண்டுமென்றே அவர் பக்கம் திரும்பி, மூச்சை நன்றாக இழுத்து இழுத்து விட்டேன். சூலூர்க் கடைவீதி போயிற்று, ஊர் முடிந்தது, இரண்டு மைல் ஆயிற்று. விசில் இல்லை. யாரும் தும்மவும் இல்லை. அத்தை தலையைக் குனிந்துகொண்டார்.

மாமனார் ஒருதரம் கனைத்தார். "ராமுலு, வண்டியத் திருப்பு. ஊட்டுக்குப் போலாம். அதான் எல்லாஞ் செரியாப் போச்சல்ல."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வந்ததே ஓர் ஆத்திரம், எலியைப் பார்த்தபோதுகூட அப்படி வரவில்லை.

"திருப்பாதீங்கண்ணா" என்றேன் ராமுலுவிடம். "என்னங்க மாமா செரியாப் போச்சு? என்ற தங்கச்சியப் பாத்துப்போட்டுப் போனவங்க திரும்பி வல்லியே, அது செரியாப் போச்சுங்களா? சந்தையில சொன்னது, சாவு ஊட்டுல சொன்னது, அதெல்லாம் செரியாப் போச்சுங்களா? எங்கப்பன் ஊட்டுல கொண்டுபோயி விடோணும்னு கெளம்பினீங்க. கொண்டுபோயி விடுங்க. அங்க களத்துல நின்னு, நாலு பேரு கேக்க, சொன்னது தப்புன்னு உங்க வாயால சொல்லோணும். சொன்னாத்தான் நான் இந்தக் கார்ல திரும்பி ஏறுவேன்."

ராமுலு வண்டியை மெதுவாக்கினார். எந்தப் பக்கம் போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நேராப் போ ராமுலு" என்றார் என் வீட்டுக்காரர்.

கார் நேராகப் போயிற்று. கண்ணாடியில் மாமனார் அவரைப் பார்த்தார், இவர் சன்னல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அழுதால் கோபம் இறங்கிவிடும் என்று பயமாக இருந்தது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். குளத்தடியில் கிளம்புவதற்கு முன்னால் தூக்குப்போசியிலிருந்த கச்சாயத்தையெல்லாம் நான் மேலே மூடியிருந்த தேக்கிலையில் கொட்டி ராமுலுவிடம் கொடுத்துவிட்டேன். காலியான போசிக்குள் அந்த எலிக்கூட்டை அப்படியே எடுத்துவைத்து மூடினேன். பலகாரப் போசியாச்சே என்று அத்தை முணுமுணுத்தார். வழி நெடுக அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அப்பன் களத்தில்தான் இருந்தார். பருத்தி காயப்போட்டு ஏழெட்டுப் பேர் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். காரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். என் தகர டிரங்குப் பெட்டியை ராமுலு இறக்குவதைப் பார்த்தார். எதற்கு வந்திருக்கிறோம் என்று அவருக்கு முன்னமே தெரிந்திருந்தது போல, முகம் செத்துவிட்டது. ஆனாலும் "வாங்க, வாங்க சம்பந்தி" என்று கும்பிட்டார். என் அப்பன் அங்கப்பன் பெயரைச் சொன்னால் பல்லடத்துச் சந்தையில் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். அந்த மனிதர் அவர்கள் முன்னால் முதுகை வளைத்து நின்றதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. வீட்டுக் கதவு கொஞ்சமாகத் திறந்திருந்தது. அதற்குப் பின்னால் சுப்பாத்தாளின் பாவாடைக் கரை தெரிந்தது, அவள் வெளியே வரவில்லை.

போசியை அப்பன் கையில் கொடுத்தேன்.

"என்ன கண்ணு, கச்சாயமா? இதெல்லாம் எதுக்கு" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"இதென்ன கண்ணு?"

"என்ற தோசமுங்கப்பா" என்றேன். "கார்ல இருந்துச்சு. மீதிய மாமா சொல்லுவாருங்க."

பருத்தி பொறுக்கினவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். மாமனார் பேசுவதற்கு முன்னால் வழக்கம்போலத் துண்டைச் சரிசெய்யத் தோளுக்குக் கையைக் கொண்டுபோனார். அங்கே துண்டு இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். அத்தை காருக்குள்ளிருந்து இறங்கவே இல்லை.

"உங்க பொண்ணு மேல ஒரு கொறையும் இல்லீங்க சம்பந்தி" என்றார் மாமனார். தரையைப் பார்த்துத்தான் சொன்னார், குரல் பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. "கொறை எங்க கார்லதான் இருந்துச்சு. நாங்கதான் தப்பாச் சொல்லிப்போட்டோம்."

அப்பன் போசியை மூடிக் கீழே வைத்தார். கதவுக்குப் பின்னால் பாவாடைக் கரை அசையவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்க மாமா" என்றேன். "உள்ள என்ற தங்கச்சிக்குக் கேக்கலீங்க."